மயக்கம் என்னும் சொல்லும் மெத்தனால் நச்சும்: கள்ளக்குறிச்சி நிகழ்வை முன்வைத்து அவசர மருத்துவக் கற்றல் வளங்கள் குறித்த ஒரு நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. இந்நச்சுக்கு முறிமருந்து உண்டு. மருத்துவ முறைகளும் நன்கு வகுக்கப்பட்டுள்ளன. எனினும் அவை பயன் தர வேண்டுமெனில், நோயாளியை முதலில் காண்பவர் நச்சை இனங்காண வேண்டும். ஆய்வகம் இல்லாத இடத்தில் இவ்வினங்காணல் பெரும்பாலும் நோயாளியின் வாய்மொழியைச் சார்ந்தது. அவ்வாய்மொழி தமிழில் அமைகிறது. அவசர மருத்துவக் கற்றல் வளங்களோ ஆங்கிலத்தில் அமைந்துள்ளன. இவ்விடைவெளியைச் சின்னசேலம், கல்வராயன் மலைப் பகுதியின் சூழலில் வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: அவசர மருத்துவம், தீவிர சிகிச்சை, மெத்தனால், கள்ளக்குறிச்சி, சின்னசேலம், மருத்துவத் தமிழ், கலைச்சொல்.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகச் செயல்படத் தொடங்கியது. அதன் அரசு மருத்துவக் கல்லூரி, தமிழகத்தின் பதினொரு புதிய கல்லூரிகளுள் ஒன்றாக, 2022 ஜனவரி 12 அன்று திறந்துவைக்கப்பட்டது. கருணாபுரத்து நோயாளிகள் 2024 ஜூன் 19 அன்று வந்து குவிந்தபோது, அக்கல்லூரியின் முதல் அணி மாணவர்கள் பட்டப்படிப்பை முடித்திருக்கவில்லை. சில மணி நேரங்களில் நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்து, அவர்களுள் யார் யாருக்கு டயாலிசிஸ், யார் யாருக்குச் செயற்கைச் சுவாசம் என முடிவெடுக்க வேண்டிய நிலை பெரிய நகரங்களின் நெடுநாள் மருத்துவமனைகளையும் திணறச் செய்யக்கூடியதே. நோயாளிகள் சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரிக்கும், விழுப்புரம் முண்டியம்பாக்கத்திற்கும், புதுச்சேரி ஜிப்மருக்கும் அனுப்பப்பட்டனர்.

இந்நிகழ்வைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் சட்டம், காவல், அரசியல் ஆகிய மூன்றைச் சுற்றியே அமைந்தது. தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் அதே மாத இறுதியில் திருத்தப்பட்டுத் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. வழக்கு பின்னர் உயர் நீதிமன்ற ஆணைப்படி நடுவண் புலனாய்வுப் பிரிவுக்குச் சென்றது. இவை தேவையானவையே. ஆனால் ஓராண்டுக்கு முன், 2023 மே மாதத்தில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே நச்சினால் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். ஒரு நிகழ்விலிருந்து அடுத்த நிகழ்வுக்கு மருத்துவ அறிவு எவ்வாறு கடத்தப்படுகிறது, யாருக்குக் கடத்தப்படுகிறது என்னும் வினா பொதுவெளியில் அதிகம் எழவில்லை.

சேலம்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையிலும் சேலம்–விருத்தாசலம் இருப்புப்பாதையிலும் அமைந்த சின்னசேலம், கள்ளக்குறிச்சியிலிருந்து சுமார் 16 கி.மீ. தொலைவில் உள்ள வட்டத் தலைமையூர். நெடுஞ்சாலை விபத்து, பூச்சிக்கொல்லி அருந்தியவர், பாம்புக்கடி, மாரடைப்பு என எல்லாம் முதலில் வந்து நிற்பது இத்தகைய ஊர்களின் மருத்துவமனை வாயிலிலோ 108 ஊர்தியின் படிக்கட்டிலோதான். கருணாபுரம் நகரத்தின் நடுவில் இருந்தது; மருத்துவமனை அருகில் இருந்தது. அதே சாராயப் பொட்டலம் சின்னசேலம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றிலோ வெள்ளிமலைக்கு அப்பாலோ விற்கப்பட்டிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதே இக்கட்டுரையின் பின்புலத்தில் உள்ள கேள்வி.

ஊறலும் மெத்தனாலும்

கல்வராயன் மலையில் சாராயம் காய்ச்சும் வழக்கம் நெடுங்காலமாக அறியப்பட்டது. வெல்லமும் மரப்பட்டையும் சேர்த்துப் புளிக்கவைத்த நீர்மத்தை ஊறல் என்பர். அதைக் காய்ச்சி வடிப்பதே மலைச் சாராயம். காவல் துறை ஊறலை அழித்த செய்தி இம்மாவட்ட நாளிதழ்ப் பக்கங்களில் அடிக்கடி வருவது. எனவே கருணாபுரத்து இறப்புகளையும் பலர் 'காய்ச்சியதில் ஏற்பட்ட பிழை' என்றே புரிந்துகொண்டனர். இப்புரிதல் தவறானது; மருத்துவ நோக்கில் தீங்கானதும்கூட.

வெல்லம் புளிக்கும்போது உருவாவது எத்தனால். பழத்தோலிலும் தண்டிலும் உள்ள பெக்டின் சிதையும்போது மிகச் சிறிய அளவில் மெத்தனால் தோன்றலாம். ஆயினும் நூற்றுக்கணக்கானோரைச் சாய்க்கும் அளவு அவ்வாறு தோன்றுவதில்லை. பேரளவு இறப்புகளுக்குப் பின்னால் இருப்பது தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கான மெத்தனாலே. அது கரைப்பானாகவும் பிற வேதிப்பொருள்களின் மூலப்பொருளாகவும் பயன்படுவது, நிறமற்றது, மணத்தாலும் சுவையாலும் குடிப்பவர் அதை எத்தனாலிலிருந்து பிரித்தறிவது அரிது. கருணாபுரத்தில் பொட்டலங்களில் விற்கப்பட்டது இத்தகைய மெத்தனால் கலந்த நீர்மமே.

இவ்வேறுபாடு ஏன் முதன்மையானது? 'காய்ச்சிய பிழை' என்று எண்ணுபவர், தாம் வழக்கமாக வாங்கும் இடம் வேறு, தமக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புவார். தொழிற்சாலை மெத்தனாலோ ஒரே மூலத்திலிருந்து பல விற்பனையாளர்களுக்குப் பிரிந்து செல்வது. மாதவச்சேரி முதலிய பிற ஊர்களிலிருந்தும் நோயாளிகள் வந்தமை இதைக் காட்டும். எனவே முதல் நோயாளியைக் காணும் மருத்துவர், அவர் ஒருவரல்லர், அவருக்குப் பின்னால் ஒரு தொடர் இருக்கிறது என்று கருதியே செயல்பட வேண்டும்.

உடலுக்குள் நிகழ்வது

மெத்தனால் நேரடியாகக் கொல்வதில்லை. எத்தனாலைப் போலவே அதுவும் சற்றுப் போதையைத் தரும், அவ்வளவே. கல்லீரலில் ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி அதை ஃபார்மால்டிஹைடாகவும், அடுத்த நொதி ஃபார்மிக் அமிலமாகவும் மாற்றுகின்றன. ஃபார்மிக் அமிலத்தைக் கரியமில வாயுவாகவும் நீராகவும் சிதைக்க ஃபோலேட் என்னும் வைட்டமின் தேவை. மனித உடலில் இச்சிதைவு மெதுவாகவே நிகழ்கிறது. ஆகவே அமிலம் தேங்குகிறது. தேங்கிய அமிலம் உயிரணுக்களின் மைட்டோகாண்ட்ரியாவில் ஆக்சிசனைப் பயன்படுத்தும் கடைசிப் படியைத் தடுக்கிறது. குருதியில் ஆக்சிசன் இருக்கும். உயிரணுவால் அதைப் பயன்படுத்த இயலாது. ஆக்சிசன் தேவை மிகுந்த பார்வை நரம்பும் மூளையின் உட்பகுதியில் உள்ள பியூட்டாமென் என்னும் கருவும் முதலில் பாதிக்கப்படுகின்றன. உயிர் பிழைத்தவர்களுள் சிலர் பார்வையை இழப்பதும், சிலர் நடுக்கவாதம் போன்ற அசைவுக் குறைகளுடன் வாழ்வதும் இதனாலேயே.

இவ்வேதி மாற்றத்துக்கு நேரம் ஆகும். குடித்ததிலிருந்து 12 முதல் 24 மணி நேரம் வரை பெரிய அறிகுறி எதுவும் தோன்றாமல் இருக்கலாம். உடன் எத்தனாலும் குடித்திருந்தால் இக்காலம் மேலும் நீளும். ஏனெனில் அந்நொதிக்கு மெத்தனாலைவிட எத்தனாலின்பால் பன்மடங்கு நாட்டம் உண்டு. எத்தனால் தீரும் வரை மெத்தனால் காத்திருக்கிறது. சாலை விபத்தில் முதல் மணி நேரம் பொன்னானது என்பர். தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்குகிறது. மெத்தனாலிலோ பொன்னான நேரம் நோயாளி நலமாக உணரும் நேரமே. அவர் மருத்துவமனைக்கு வரக் காரணம் ஏதும் இல்லாத நேரம் அது. யாரேனும் அவரைத் தேடிச் சென்றால்தான் உண்டு.

அறிகுறிகள் தொடங்கும்போதும் அவை தம் பெயரைச் சொல்லிக்கொண்டு வருவதில்லை. குமட்டல், வாந்தி, வயிற்றுவலி ஆகியன முதலில் வரும். பின்னர் பார்வை மங்கும். மூச்சு ஆழமாகவும் விரைவாகவும் மாறும். வலிப்பு, நினைவிழப்பு தொடரும். கருணாபுரத்தின் முதல் இறப்புகளுக்கு வயிற்றுக்கோளாறு, வலிப்பு போன்றவையே காரணங்களாகத் தொடக்கத்தில் சொல்லப்பட்டன. இறந்தவர் வீட்டுத் துக்கத்துக்கு வந்தோரும் அதே சாராயத்தை அருந்தினர் என்று அந்நாள்களின் செய்திகள் தெரிவித்தன. இனங்காணலில் ஏற்படும் சில மணி நேரத் தாமதம் நோயாளியின் சிகிச்சையை மட்டும் பாதிப்பதில்லை. நோயாளிகளின் எண்ணிக்கையையே கூட்டுகிறது.

மயக்கம், இழுப்பு, கண் இருட்டல்

அவசர மருத்துவத்தின் முதல் கருவி உரையாடல். வட்ட அளவிலான மருத்துவமனையில் இரவுப் பணியில் இருக்கும் செவிலியரோ 108 ஊர்தியின் அவசர மருத்துவ உதவியாளரோ நோயாளியிடமும் உடன்வந்தோரிடமும் தமிழில் கேட்டு, தமிழில் பதில் பெற்று, ஆங்கிலத்தில் பதிவு செய்கிறார். இம்மொழிமாற்றம் நொடிகளில் நிகழ்வதால் அதில் இழக்கப்படுவது என்ன என்பது கவனத்துக்கு வருவதில்லை.

'மயக்கம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளலாம். தலைசுற்றலும் மயக்கமே, சற்று நேரம் நினைவிழந்து விழுதலும் மயக்கமே, எழுப்பியும் எழாத ஆழ்ந்த நினைவின்மையும் மயக்கமே, குடித்தவனின் போதையும் மயக்கமே, அறுவைக்கு முன் தரும் மருந்தும் மயக்க மருந்தே. அன்றாட வழக்கில் இது இடர் தருவதில்லை; சூழல் பொருளைத் தெளிவாக்கிவிடும். அவசரப் பிரிவிலோ இந்நிலைகளுக்கு இடையிலான வேறுபாடே சிகிச்சையைத் தீர்மானிப்பது. 'மயக்கமா இருக்காரு' என்று மனைவி சொல்லும்போது அவர் சொல்வது போதையையா, நினைவிழப்பையா? குடித்தவர் என்று தெரிந்த ஒருவரைப் பொறுத்தவரை, கேட்பவர் முதற்பொருளை எடுத்துக்கொள்ளும் வாய்ப்பே மிகுதி. 'தூங்கி எழுந்தால் தெளியும்' என்று வீட்டில் கிடத்தப்படுவதும் இச்சொல்லின் வழியாகவே.

'கண் இருட்டுது' என்பதும் அத்தகையது. பசியில், குருதி அழுத்தம் தாழ்ந்தபோது, எழுந்து நிற்கையில் கண் இருட்டும். அது சில நொடிகளில் தீரும். மெத்தனாலில் பார்வை மங்குவது தொடர்ந்து நிற்பது; பனிமூட்டத்துக்குள் பார்ப்பது போல, எங்கும் வெண்மை பரவியது போல நோயாளிகள் அதை விவரிப்பதாக உலக மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. பனிப்பொழிவைக் கண்டிராத கருணாபுரத்தின் கூலித் தொழிலாளி அதே அனுபவத்தை 'கண்ணு மங்குது', 'புகை மாதிரி இருக்கு', 'வெளுத்துத் தெரியுது' என்று சொல்லக்கூடும். பாடநூல் உவமையை மனப்பாடம் செய்த மாணவர் இச்சொற்களை அடையாளம் காண்பாரா என்பது ஐயத்துக்குரியது.

'இழுப்பு' மேலும் சிக்கலானது. ஆஸ்துமா மூச்சிரைப்பையும் அது குறிக்கும். கைகால் இழுத்துக்கொள்ளும் வலிப்பையும் குறிக்கும். மெத்தனால் நோயாளிக்கு இரண்டில் எது ஏற்பட்டாலும், அஃதாவது ஆழ்ந்த மூச்சாயினும் வலிப்பாயினும், உடன்வந்தவர் சொல்லக்கூடிய சொல் ஒன்றே. 'மூச்சு வாங்குது' என்பதைக் கேட்டவர் நுரையீரலை நோக்கிச் செல்வார். அமிலம் மிகுந்த குருதி மூளையைத் தூண்டுவதால் நுரையீரல் பழுதின்றியே ஒருவர் அவ்வாறு மூச்சுவிடுவார் என்பது நினைவுக்கு வராமல் போகலாம். மார்பில் இரைச்சல் இல்லை, ஆக்சிசன் அளவு குறையவில்லை, ஆயினும் மூச்சு ஆழமாக ஓடுகிறது என்ற மூன்றும் சேர்ந்தால் அது நுரையீரல் நோயன்று.

சொல்லப்படாதவை வேறு. நச்சு என ஐயுறும் நிகழ்வுகள் மருத்துவ–சட்டப் பதிவாகிக் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்கப்படுவது வழக்கம். கள்ளச்சாராயம் குடித்தது வெளிப்பட்டால் வழக்கு வரும் என்ற அச்சம் நோயாளிக்கும், விற்றவர் அண்டை வீட்டார் என்ற சங்கடம் உறவினருக்கும் உண்டு. 'குடிச்சியா?' என்ற ஒருமைக் கேள்விக்கு 'இல்லைங்க' என்பதே விடையாக வரும். 'நேத்து உங்ககூட இருந்தவங்கள்ல வேற யாருக்காவது கண்ணு மங்குதுன்னு சொன்னாங்களா?' என்ற கேள்வி வேறு விடையைத் தரும். முன்னது குற்றத்தை விசாரிக்கிறது. பின்னது பிறரைக் காக்கக் கேட்கிறது. கருணாபுரத்தில் இறந்தோருள் பெண்களும் இருந்தனர் என்பதை நினைவிற்கொண்டால், 'பெண்களிடம் இதைக் கேட்பதில்லை' என்ற தயக்கமும் விலக வேண்டியது.

அளவீடுகள் இல்லாத இடமும் இருக்கும் இடமும்

குருதியில் மெத்தனாலை நேரடியாக அளக்கும் வசதி மாவட்டத் தலைமையிடங்களில்கூட அரிது. தடயவியல் ஆய்வகத்தின் விடை வரும்போது சிகிச்சைக்கான காலம் கடந்திருக்கும். எனவே மறைமுக அளவீடுகளே துணை. ஒன்று, குருதியில் உள்ள நேரயனிகளுக்கும் எதிரயனிகளுக்கும் இடையிலான வேறுபாடு. அமிலம் தேங்கும்போது இது கூடும். மற்றொன்று, கருவியால் அளந்த சவ்வூடு செறிவுக்கும் சோடியம், குளுக்கோஸ், யூரியா ஆகியவற்றிலிருந்து கணக்கிட்ட செறிவுக்கும் உள்ள வேறுபாடு. மெத்தனால் சிதையாமல் இருக்கும்போது இது கூடும். குடித்த தொடக்கத்தில் இரண்டாவது மிகுந்தும் முதலாவது இயல்பாகவும் இருக்கும். நேரம் செல்லச்செல்ல முதலாவது உயர்ந்து இரண்டாவது தாழும். ஆகவே ஒன்றை மட்டும் பார்த்து 'மெத்தனால் இல்லை' என்று சொல்வது பிழையாகும். இவ்விரு கோடுகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்வதை ஒரு படத்தால் காட்டினால் மாணவர் எளிதில் மறவார்.

இவையும் கிட்டாத இடத்தில் எஞ்சுவது மூச்சு எண்ணிக்கை, பார்வை, நினைவு நிலை ஆகிய மூன்றே. இவை எளியவை எனினும் இழிவானவை அல்ல. 2001 செப்டம்பரில் எசுத்தோனியாவின் பர்னுவில் இதே நச்சு 68 பேரைக் கொன்றது. அவர்களுள் மருத்துவமனைக்கு வெளியே இறந்தோரே மிகுதி. அந்நிகழ்வின் ஆய்வுகளும் பின்வந்த பன்னாட்டுத் தரவுகளும், குருதியின் அமிலத்தன்மை மிகுதி, நினைவிழப்பு ஆகியவற்றோடு ஆழ்ந்து மூச்சுவிட இயலாமையும் இறப்பை முன்னறிவிக்கும் குறி என்று காட்டின. ஆழ்ந்த மூச்சு உடலின் தற்காப்பு. கரியமில வாயுவை வெளியேற்றி அமிலத்தை ஈடுசெய்கிறது.

இதிலிருந்து தீவிர சிகிச்சைக்கான ஒரு நடைமுறைப் பாடம் பிறக்கிறது. இத்தகைய நோயாளிக்கு மயக்க மருந்து தந்து, குழாய் செலுத்தி, வென்டிலேட்டரில் வழக்கமான மூச்சு எண்ணிக்கையை அமைத்தால், அவர் தாமாகச் செய்துகொண்டிருந்த ஈடு நின்றுபோகும், அமிலத்தன்மை சில நிமிடங்களில் பாய்ந்து ஏறும், இதயம் நிற்கக்கூடும். கருவி நோயாளியின் மூச்சு வேகத்தைத் தொடர்ந்து காக்க வேண்டும். வென்டிலேட்டர்கள் பல புதிய மருத்துவமனைகளுக்கும் கொரோனா காலத்தில் வந்து சேர்ந்தன. அவற்றை இத்தகைய நோயாளிக்கு எவ்வாறு அமைப்பது என்ற பயிற்சி அவற்றோடு சேர்ந்து வந்ததா என்பது தனியே ஆராயத்தக்கது.

முறிமருந்தும் பெயர்க் குழப்பமும்

மெத்தனால் சிகிச்சையின் தருக்கம் எளிது: நச்சாக மாற்றும் நொதியை அடைத்துவிட்டால் மெத்தனால் தீங்கின்றி மெல்ல வெளியேறும். அடைப்பதற்கு இரு வழிகள். ஒன்று ஃபோமெபிசோல் என்னும் ஊசி மருந்து. முதல் அளவு உடல் எடையில் கிலோவுக்கு 15 மி.கி.; பின்னர் 12 மணிக்கு ஒருமுறை 10 மி.கி. வீதம் நான்கு அளவுகள். டயாலிசிஸ் நடைபெறும்போது 4 மணிக்கு ஒருமுறை. கணக்கு எளிது, நோயாளியை மயக்குவதில்லை. 2013 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் உள்ளது. விலை மிகுதி; இருப்பு குறைவு.

மற்றொன்று எத்தனால். நச்சுக்குச் சாராயமே மருந்து என்பது கேட்பவரைத் திடுக்கிடச் செய்யலாம். ஆயினும் தருக்கம் அதுவே. குருதியில் 100 மி.லி.க்கு 100 முதல் 150 மி.கி. வரை எத்தனால் நிலைபெற்றிருக்குமாறு தூய மருத்துவ எத்தனாலைத் தர வேண்டும். டயாலிசிஸ் எத்தனாலையும் அகற்றுவதால் அப்போது அளவைக் கூட்ட வேண்டும். தொடர்ந்து அளக்க வேண்டும். 2012 செப்டம்பரில் செக் குடியரசில் மெத்தனால் நச்சு பரவியபோது அவசர ஊர்திப் பணியாளரே மருத்துவமனைக்கு வருமுன் எத்தனால் தந்தனர். அவ்வாறு பெற்றோர் மிகுதியாகப் பிழைத்ததைப் பின்னாய்வுகள் பதிவு செய்தன. மதுவிலக்குச் சட்டமும் சமூகக் கூச்சமும் சூழ்ந்த தமிழகத்தில் ஊர்தியில் எத்தனாலை வைத்திருப்பது எளிதில் பேசப்படும் செய்தியன்று. ஆயினும் கள்ளக்குறிச்சியிலிருந்து ஜிப்மருக்கு உள்ள தொலைவு 100 கி.மீ.க்கும் மேல்; அவ்விரண்டு மணி நேரத்தில் நொதி ஓய்வதில்லை. 'மலைவாழ் மக்கள் தாமாகவே கூடுதலாகக் குடித்து நச்சை முறிக்கலாம்' என்ற விபரீதப் பொருள் இதற்கு இல்லை என்பதையும் கற்றல் வளங்கள் தெளிவாகச் சொல்ல வேண்டும். அவர்கள் கையில் இருக்கும் அடுத்த பொட்டலமும் அதே மெத்தனாலாக இருக்கலாம்.

கருணாபுரத்து நாள்களின் பொது விவாதத்தில் ஃபோமெபிசோல் என்ற பெயரும், வயிற்றுப்புண்ணுக்குத் தரப்படும் ஓமெப்பிரசோல் என்ற பெயரும் ஒன்றோடொன்று கலந்தன. அரசியல் மோதலாக அது கடந்துபோயிற்று. மொழி ஆய்வாளருக்கோ அது ஒரு தரவு. ஒலியால் நெருங்கிய இரு மருந்துப் பெயர்களை மருந்தகப் பணியாளரும் நெருக்கடியில் மாற்றிக் கேட்க வாய்ப்புண்டு. தமிழில் எழுதும்போது ஒரே எழுத்துக்கூட்டலை நிலைநிறுத்துவதும், பெயருடன் 'மெத்தனால் முறி ஊசி' என்று பயனைச் சேர்த்து எழுதுவதும் கலைச்சொல்லாக்கத்தின் நடைமுறைப் பணிகள்.

சோடியம் பைகார்பனேட் அமிலத்தை ஈடுசெய்வதோடு ஃபார்மிக் அமிலம் உயிரணுவுக்குள் புகுவதையும் குறைக்கிறது. ஃபோலினிக் அமிலம் அதன் சிதைவை விரைவாக்குகிறது. இவ்விரண்டும் மலிவானவை. முறிமருந்து வரும்வரை காத்திருக்கும் சிறு மருத்துவமனை இவற்றைக் கொண்டே தொடங்கலாம்.

பலரும் ஒரே நேரத்தில் வரும்போது

டயாலிசிஸ் மெத்தனாலையும் ஃபார்மிக் அமிலத்தையும் ஒருங்கே அகற்றுகிறது. நச்சகற்றும் புறமுறைகளை மதிப்பிடும் எக்ஸ்ட்ரிப் என்னும் பன்னாட்டுக் குழு 2015-இல் வெளியிட்ட பரிந்துரை, நினைவிழப்பு, வலிப்பு, புதிய பார்வைக் குறை, பி.எச். 7.15 அல்லது அதற்குக் கீழ், எதிரயனி வேறுபாடு 24-க்கு மேல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலே டயாலிசிஸ் தேவை என்கிறது. ஒரே இரவில் நூறு பேர் வரும்போது இவ்விதிப்படி பெரும்பாலோருக்கும் தேவைப்படும். இயந்திரங்களோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. அப்போது நெறி மாறுகிறது. அமிலம் ஏறாதவருக்கு முறிமருந்தை மட்டும் தந்து காத்திருக்கலாம். நொதி அடைபட்ட நிலையில் மெத்தனால் பாதியாகக் குறையவே இரண்டு நாள் அளவு ஆகும், எனினும் அவர் காத்திருக்க முடியும். அமிலம் ஏறியவர் காத்திருக்க முடியாது. ஆகவே முறிமருந்து மிகுதியாக இருந்தால் டயாலிசிஸ் இயந்திரத்தின் தட்டுப்பாடு தணியும். மருந்து இருப்பு என்பது நிதிக்கணக்கு மட்டுமன்று. அது வரிசையின் நீளம்.

கற்றல் வளங்கள்: உள்ளவையும் இல்லாதவையும்

அவசர மருத்துவம் இந்தியாவில் 2009-இல்தான் தனி மேற்படிப்புத் துறையாக ஏற்கப்பட்டது. 2020-இன் ஒழுங்குமுறை இளநிலை மருத்துவக் கல்லூரிகளில் அத்துறையைக் கட்டாயமாக்கியது. 2023-இன் தேசிய மருத்துவ ஆணைய நெறிமுறையில் கட்டாயத் துறைகளின் பட்டியலிலிருந்து அது விடுபட்டது. மாவட்டந்தோறும் கல்லூரிகள் தோன்றிய அதே காலத்தில் நிகழ்ந்த இம்மாற்றத்தின் விளைவைப் பெரிதும் ஏற்பவை கள்ளக்குறிச்சி போன்ற புதிய கல்லூரிகளே. மறுபுறம் தமிழகம் 2008 செப்டம்பரில் 108 சேவையைத் தொடங்கியது. தமிழ்நாடு விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் திட்டம் விபத்து, மாரடைப்பு, பக்கவாதம், தீக்காயம், நச்சு, குழந்தைகள் அவசரம் ஆகியவற்றுக்குத் தனித்தனி நெறிகளை வகுத்து, சிவப்பு, மஞ்சள், பச்சை என நோயாளிகளைப் பிரிக்கும் முறையை அரசு மருத்துவமனைகளுக்குக் கொண்டுவந்தது. இது குறிப்பிடத்தக்க முன்னேற்றம்.

நூல் வளங்களுக்கும் குறைவில்லை. அமெரிக்க மருத்துவ நச்சியல் கழகத்தின் 2002 நெறிமுறை, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஓஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையும் வளம் குன்றிய இடங்களுக்கெனவே உருவாக்கிய மெத்தனால் நச்சு முன்முயற்சியின் பாடங்கள், உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழுவும் 2018-இல் வெளியிட்ட அடிப்படை அவசர மருத்துவப் பயிற்சிநூல் என அவை கிட்டுகின்றன. தில்லி எய்ம்ஸில் 1995 முதல் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையம் எந்நேரமும் தொலைபேசியில் வழிகாட்டுகிறது. இவை பெரும்பாலும் மருத்துவப் பணியாளரை நோக்கியவை. ஆங்கிலம் அறிந்தவரை நோக்கியவை.

தமிழில் மருத்துவம் கற்பித்தல் புதிய கனவன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் 1860-களில் மருத்துவக் கல்வியைத் தமிழ்வழிக்கு மாற்றினார். 'இரணவைத்தியம்' 1867-இலும், கிரேயின் உடற்கூற்று நூலைத் தழுவிய 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இலும், 'கெமிஸ்தம்' 1875-இலும் வெளிவந்தன. அவருடைய மாணவர்கள் தமிழில் கற்றுத் தமிழரிடையே மருத்துவம் செய்தனர். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2023-இல், தமிழ்நாடு பாடநூல் கழகம் கிரேயின் நூல் உள்ளிட்ட மருத்துவப் பாடநூல்களின் மொழிபெயர்ப்பை வெளியிட்டது. இரு முயற்சிகளும் கல்லூரி மாணவரின் பாடத்திட்ட வரிசையையே பின்பற்றின: உடற்கூறு முதலில், பிற பின்னர். நள்ளிரவில் சின்னசேலத்தில் பணியிலிருக்கும் செவிலியருக்கு உடற்கூற்று நூலைவிட முதலில் தேவைப்படுவது ஒற்றைப் பக்கம்.

அவ்வொற்றைப் பக்கத்தை எழுதுவதில் மருத்துவருக்குத் தமிழாய்வாளரின் துணை வேண்டும். ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு இணையான தமிழ்ச்சொல்லைப் படைப்பது வழக்கமான கலைச்சொல் பணி. இங்கு வேண்டுவது எதிர்த்திசைப் பணி: மக்கள் வழங்கும் சொல்லிலிருந்து தொடங்கி, அது குறிக்கக்கூடிய மருத்துவ நிலைகளைப் பிரித்துக் காட்டும் அகராதி. கள்ளக்குறிச்சி வழக்கும் கல்வராயன் மலையாளிப் பழங்குடியினர் வழக்கும் சென்னை வழக்கிலிருந்து வேறுபடுவன. நாட்டார் வழக்காற்றியல் துறைகள் நோய்ப் பெயர்களைத் தொகுத்துள்ளன. அறிகுறிகளைச் சொல்லும் வினைச்சொற்களை, அதுவும் அவசரநிலையில் சொல்லப்படும் தொடர்களை, மருத்துவருடன் இணைந்து தொகுக்கும் களப்பணி தேவைப்படுகிறது.

எடுத்துக்காட்டாக, நினைவு நிலையை விரைந்து அளக்க உலகெங்கும் நான்கு படிகள் கொண்ட முறை உள்ளது. 'மயக்கம்' என்ற ஒற்றைச் சொல்லின் இடத்தில் அந்நான்கையும் தமிழில் இவ்வாறு வைக்கலாம்: தானே கண் திறந்து பேசுகிறார், பெயர் சொல்லிக் கூப்பிட்டால் விழிக்கிறார், கிள்ளினால் மட்டும் அசைகிறார், கிள்ளியும் அசைவில்லை. 'மயக்கமா இருக்காரு' என்று உறவினர் தொலைபேசியில் சொல்லும்போது, 108 மையத்தில் இருப்பவர் 'பேர் சொல்லிக் கூப்பிடுங்க, கண்ண திறக்கிறாரா பாருங்க' என்று கேட்டால், படி எது என்பது ஊர்தி புறப்படும் முன்பே தெரிந்துவிடும். அடுத்து அவர் கேட்க வேண்டியது, அந்தத் தெருவில் வேறு யாருக்கேனும் கண் மங்குகிறதா என்பது.